மயில் தீவு: ஒரு தோட்டத்தை வாசிப்பது பற்றி

தோட்டங்களை நாம் பொதுவாக வாசிப்பதில்லை, உலவிவிட்டு வந்துவிடுகிறோம். கோயிலுக்குப் போனால் கல்வெட்டைத் தேடுகிறோம். ஓவியத்தின் முன் நின்றால் வரைந்தவர் யார் என்று கேட்கிறோம். மரமும் புல்லும் நீரும் இருக்கும் இடத்தில் மட்டும் இத்தகைய கேள்விகள் நமக்கு எழுவதில்லை. அது இயற்கை என்று நம்பிவிடுகிறோம். பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் உருப்பெற்று ஐரோப்பா முழுவதும் பரவிய நிலக்காட்சித் தோட்டம் என்னும் கலைவடிவம் இந்த நம்பிக்கையை ஆதாரமாகக் கொண்டது. பிரெஞ்சு அரண்மனைத் தோட்டங்களைப் போல நேர்கோட்டுப் பாதைகளாலும் கத்தரித்த செடிகளாலும் அது தன்னை அறிவித்துக்கொள்வதில்லை. பாதை வளைந்து போகும். மரங்கள் தாமாக முளைத்தவை போல் கூட்டமாக நிற்கும். புல்வெளி தற்செயலாகத் திறந்துகொள்வது போலத் தோன்றும். தன்னை உருவாக்கிய கையை மறைப்பதே அதன் இலக்கணம்.

அந்த மறைப்பு எவ்வளவு தூரம் செல்லக்கூடும் என்பதற்கு மிகச் சிறந்த எடுத்துக்காட்டு, பெர்லினுக்கும் போட்ஸ்டாமுக்கும் இடையே ஹாஃபல் ஆற்றில் உள்ள மயில் தீவு. ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் நீளமும் அரைக் கிலோமீட்டர் அகலமும் கொண்ட சிறிய ஆற்றிடைக்குறை இது. பரப்பு சுமார் 67 ஹெக்டேர். பிரஷ்ய அரச குடும்பத்தின் மூன்று தலைமுறைகள் இதனைத் தம் தனிப்பட்ட இன்ப உலகமாக வளர்த்தெடுத்தன. 1990ஆம் ஆண்டு போட்ஸ்டாம், பெர்லின் அரண்மனைகளும் பூங்காக்களும் உலகப் பாரம்பரியச் சின்னங்களாக அறிவிக்கப்பட்டபோது மயில் தீவும் அவற்றுள் ஒன்றாக இடம்பெற்றது. ஐரோப்பியத் தோட்டக்கலை பற்றிய நூல்கள் இதன் அழகை வியந்து பேசுகின்றன. அந்த வியப்பில் நமக்கும் மறுப்பில்லை. ஆயினும் இத்தீவின் வரலாற்றைத் தொடர்ந்து படிக்கும்போது, அங்கே காணப்பட வேண்டியவை என்று வைக்கப்பட்டவற்றுக்கும் காணாமல் விடப்பட்டவற்றுக்கும் இடையே ஒரு பொருத்தம் புலப்படுகிறது. அதைப் பற்றியே இக்கட்டுரை.

1. முயலும் கண்ணாடியும்

தோட்டம் ஆவதற்கு முன்பே இத்தீவுக்கு ஒரு பெயர் இருந்தது: முயல் தீவு. பதினேழாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிராண்டன்பர்க்கின் ஆட்சியாளரான ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் இங்கே முயல் வளர்த்தார். பின்னர் 1685இல் யோஹான் குங்கெல் என்ற வேதியியலாளருக்குத் தீவை அளித்தார். குங்கெல் சாதாரண ஆளல்லர். கண்ணாடித் தொழில் பற்றி 1679இல் அவர் வெளியிட்ட நூல் ஐரோப்பாவில் நெடுங்காலம் அத்துறையின் ஆதார நூலாக விளங்கியது. பொன்னைக் கரைத்துக் கண்ணாடிக் குழம்பில் சேர்த்து மாணிக்கச் சிவப்பு நிறக் கண்ணாடியை உருவாக்கும் நுட்பத்தில் அவர் வல்லவர். ஈயத்தைப் பொன்னாக்குவதாகச் சொல்லிக்கொண்டு ரசவாதிகள் அரசவைகளைச் சுற்றி வந்த காலத்தில், பொன்னைச் சிவப்பாக்கிக் காட்டியவர் அவர்.

அந்த நுட்பத்தின் மறைபொருளைக் காப்பதற்குத் தீவு வசதியாக இருந்தது. நாற்புறமும் நீர், அந்நியர் நுழையத் தடை. உலையின் புகையும் இரவில் தெரியும் நெருப்பும் கரையிலிருந்த மக்களிடையே பல கதைகளை உண்டாக்கின. ஆனால் அங்கே செய்யப்பட்டவை அரசரின் மேசைக்கான மாணிக்கக் கிண்ணங்கள் மட்டுமல்ல. மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரையில் பண்டமாற்றுக்குப் பயன்படும் கண்ணாடி மணிகளும் அங்கே உருவாயின. 1682இல் தொடங்கப்பட்ட பிராண்டன்பர்க் ஆப்பிரிக்கக் கம்பெனி, இன்றைய கானாவின் கரையில் கோட்டை கட்டி, அடிமை வணிகத்தில் ஈடுபட்ட நிறுவனம். தொலைதூர நிலங்களோடும் அங்குள்ள மனிதர்களோடும் இத்தீவுக்கு ஏற்பட்ட முதல் தொடர்பு இந்த மணிகள்தாம். தோட்டத்தின் வரலாற்றை 1793இல் தொடங்கும் நூல்கள் இதை ஒரு முன்னுரைச் செய்தியாகக் கடந்துவிடுகின்றன. பின்னால் வருவனவற்றைப் பார்க்கும்போது இது முன்னுரையாக நமக்குத் தோன்றவில்லை. முதல் அத்தியாயமாகவே தோன்றுகிறது.

1688இல் புரவலர் இறந்தார். அடுத்து வந்தவருக்குக் குங்கெல் மேல் நம்பிக்கை இல்லை. 1689இல் ஆய்வுக்கூடம் எரிந்தது. குங்கெல் சுவீடனுக்குச் சென்று அங்கே சிறப்புப் பெற்றார். தீவு மறுபடியும் காடாயிற்று. அதன் பிறகு ஏறக்குறைய நூறு ஆண்டுகள் அங்கே குறிப்பிடத்தக்க எதுவும் நடக்கவில்லை. இன்று அத்தீவின் பெருமையாகப் பேசப்படும் முதிய ஓக் மரங்கள் அந்தப் புறக்கணிப்பின் கொடை.

2. மரத்தால் ஆன கல்

1793இல் இரண்டாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் அரசர் தீவை வாங்கினார். போட்ஸ்டாமில் ஏரிக்கரையில் 'புதிய தோட்டம்' என்ற பூங்காவையும் பளிங்கு மாளிகையையும் அவர் ஏற்கெனவே உருவாக்கிக்கொண்டிருந்தார். அங்கிருந்து நோக்கினால் நீர்ப்பரப்புக்கு அப்பால் இத்தீவு தெரியும். தெரியும் இடத்தில் பார்ப்பதற்கு ஒன்று வேண்டும் என்பதே தீவு மாளிகையின் பிறப்புக்குக் காரணம். 1794 முதல் 1797 வரை அது கட்டப்பட்டது. ஒரு கட்டடம் தன்னுள் வாழ்வோருக்காக அல்லாமல் தொலைவிலிருந்து காண்போருக்காக எழுப்பப்பட்டது என்பது இத்தீவின் வடிவமைப்பு முழுவதற்குமான திறவுகோல்.

மாளிகையைக் கட்டியவர் பிரெண்டல் என்ற தச்சுத் தலைவர். இரண்டு வட்டக் கோபுரங்கள், மேலே அவற்றை இணைக்கும் ஒரு பாலம், பாதி இடிந்தது போன்ற முகடு. பார்ப்பவர்க்கு அது இத்தாலிய நாட்டுப்புறத்தில் பாழடைந்து நிற்கும் வெண்கல் மாளிகை. உண்மையில் அது மரம். பலகைகள்மீது வெள்ளை வண்ணம் பூசிக் கற்களின் இணைப்புக் கோடுகளை வரைந்தார்கள். முன்புறத்து வளைவு மாடத்தில் ஒரு கோட்டை வாயிலையும் அதற்கு அப்பால் விரியும் நிலக்காட்சியையும் ஓவியமாகத் தீட்டினார்கள். கோபுரப் பாலமும் முதலில் மரம்தான், 1807இல்தான் இரும்பாயிற்று. தீவின் மறுகோடியில் பால்பண்ணை ஒன்று எழுந்தது. அதுவும் இடிந்த கோதிக் மடாலயத்தின் தோற்றத்தில் புதிதாகவே கட்டப்பட்டது. கட்டி முடித்த நாளிலேயே பழமையாக இருந்த கட்டடங்கள் இவை. பெயரும் மாறியது. மயில்கள் கொண்டுவந்து விடப்பட்டன. முயல் தீவு மயில் தீவு ஆயிற்று. அந்த மயில்களின் தாயகம் நம் துணைக்கண்டம் என்பதை இங்கே குறித்துக்கொள்வோம்.

மாளிகையின் ஒரு கோபுர அறை நம் கவனத்துக்குரியது. 'ஒட்டஹெய்ட்டி அறை' என்று அதற்குப் பெயர். தஹீத்தித் தீவை அக்காலத்தில் அப்படி அழைத்தார்கள். சுவர் முழுவதும் மூங்கில் குடிசையின் உட்புறமாகத் தீட்டப்பட்டது. வரையப்பட்ட சாளரங்களுக்கு அப்பால் வரையப்பட்ட வெப்பமண்டலம். ஹாஃபல் கரைக் காட்சியே பனைகளோடு உருமாறி அங்கே தெரிகிறது. மாளிகையின் உள் அலங்காரத்தில் அரசரின் காதலி லிஹ்டெனாவ் சீமாட்டியின் இரசனைக்குப் பெரும் பங்கு இருந்தது. அவ்வறையில் தஹீத்தியர் யாரும் இல்லை. யாரும் வருவார்கள் என்ற எதிர்பார்ப்பும் இல்லை. வறுமையும் போரும் வரியும் அறியாத ஒரு கடல்தீவைப் பற்றிய ஐரோப்பியக் கனவுக்கு அது ஓர் உறை மட்டுமே.

அந்தக் கனவை ஜெர்மன் வாசகர்களிடம் கொண்டுசேர்த்தவர்களில் முதன்மையானவர் கியார்க் ஃபோர்ஸ்டர். கேப்டன் குக்கின் இரண்டாம் கடற்பயணத்தில் இளைஞராக உடன் சென்று, தஹீத்தியை நேரில் கண்டு, 1777இல் ஆங்கிலத்திலும் அதையடுத்து ஜெர்மனிலும் தம் பயண நூலை வெளியிட்டவர். அந்நூலில் கனவு மட்டும் இல்லை. ஐரோப்பியர் வருகை அத்தீவுகளுக்கு என்ன செய்கிறது என்ற கவலையும் உண்டு. பின்னாளில் அவர் பிரெஞ்சுப் புரட்சியின் ஆதரவாளரானார். மைன்ஸ் நகரில் அமைந்த குடியரசில் முன்னின்று உழைத்தார். 1793 ஜூலையில் பிரஷ்யப் படை மைன்ஸைக் கைப்பற்றியது. பாரிசுக்குச் சென்றிருந்த ஃபோர்ஸ்டர் நாடு திரும்ப முடியாதவராக 1794 ஜனவரியில் அங்கேயே இறந்தார். அதே ஆண்டில்தான் மயில் தீவில் மாளிகைக்கு மரம் அறுக்கத் தொடங்கினார்கள். தஹீத்தியை எழுதியவரைத் துரத்திய அரசர், தஹீத்தியைச் சுவரில் வரையச் செய்தார் என்று சொன்னால் அது மிகையாகாது.

அரசருக்கும் அந்த அறை அதிக நாள் பயன்படவில்லை. 1797 நவம்பரில் அவர் காலமானார். சீமாட்டியைப் புதிய அரசர் கைது செய்தார். பார்ப்பதற்காகக் கட்டிய மாளிகையைத் தொடர்ந்து பார்க்கக்கூட ஆளில்லாமல் போயிற்று.

3. மணலில் வளர்ந்த பசுமை

மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்கும் அரசி லூயிஸேக்கும் ஆடம்பரத்தில் நாட்டம் குறைவு. 1804 முதல் தீவு ஓர் அழகிய பண்ணையாக நடத்தப்பட்டது. வயலும் மேய்ச்சலும் காட்சியின் பகுதிகளாயின. 1806இல் நெப்போலியனிடம் தோல்வி, 1810இல் அரசியின் மரணம் என்று துயரங்கள் அடுத்தடுத்து வந்தன. போர் ஓய்ந்த பிறகு அரசருக்கு இத்தீவு ஒதுங்கி வாழும் இடமாயிற்று. இன்று நாம் காணும் தோட்டம் அந்த ஒதுங்கலின் ஆண்டுகளில் உருவானது. அதன் சிற்பிகள் இருவர்: அரசவைத் தோட்டக்காரர் ஃபெர்டினாண்ட் ஃபின்டெல்மான்; 1816இல் போட்ஸ்டாமுக்கு வந்து, பின்னர் பிரஷ்யாவின் ஒப்பற்ற தோட்டக் கலைஞராகப் புகழ்பெற்ற பேட்டர் யோசஃப் லென்னே.

லென்னேயின் முறையைச் சொற்களில் விளக்குவது எளிதன்று. இருந்தாலும் முயன்று பார்ப்போம். தீவின் நடுவே நீளவாக்கில் ஒரு புல்வெளி திறந்து கிடக்கிறது. மாளிகையும் பால்பண்ணையும் இருக்கும் இரு முனைகளையும் அதன் வழியே பார்வை இணைக்கிறது. பாதை அந்தப் புல்வெளியின் நடுவே செல்வதில்லை. ஓரமாக, மரக்கூட்டங்களுக்கு ஊடாக வளைந்து செல்கிறது. நடப்பவர்க்கு ஒரு திருப்பத்தில் ஆறு தெரியும். அடுத்த திருப்பத்தில் அது மறையும். பிறகு மரங்களின் இடைவெளியில் ஒரு கட்டடம் சட்டமிட்ட ஓவியம் போல் நிற்கும். பழைய ஓக் மரங்களை அவர் வெட்டவில்லை. அவற்றைச் சுற்றியே காட்சிகளை அமைத்தார். தீவின் எல்லையும் கரையோடு முடிவதில்லை. எதிர்க்கரையின் காடுகளும் கோபுரங்களும் பார்வைக்கோடுகளால் தோட்டத்துக்குள் இழுத்துக்கொள்ளப்படுகின்றன. தனக்குச் சொந்தமில்லாத நிலத்தையும் காட்சியாக உடைமை கொள்ளும் கலை இது. லென்னேயின் மேதைமையை நாம் இதில்தான் காண்கிறோம்.

1821இல் அவர் இங்கே ஒரு ரோஜாத் தோட்டத்தை அமைத்தார். பெர்லினில் ஒருவர் சேர்த்து வைத்திருந்த ஆயிரக்கணக்கான ரோஜாச் செடிகளை அரசர் விலைக்கு வாங்க, அவை படகில் தீவுக்கு வந்து சேர்ந்தன. பிரஷ்யாவின் முதல் ரோஜாத் தோட்டம் அது. கட்டடக் கலைஞர் ஷிங்கெலும் தீவுக்கு வந்தார். டான்சிக் நகரில் இடிக்கப்பட்ட ஒரு பழைய வணிகர் மாளிகையின் கல்முகப்பைப் பெயர்த்து வந்து, 1824 முதல் 1826 வரை தீவின் விருந்தினர் இல்லத்தோடு பொருத்தினார். அரசியின் கல்லறை மண்டபத்து முகப்பு சார்லாட்டன்பர்கிலிருந்து 1829இல் இங்கே கொண்டுவரப்பட்டு அவருக்கு நினைவுக் கோயிலாயிற்று. மாளிகை கல்லைப் போல் நடித்த மரம் என்றால், இவை தம் ஊரை இழந்து வந்த உண்மைக் கற்கள்.

இத்தனை பசுமைக்கும் ஒரு தடை இருந்தது. பிராண்டன்பர்க்கின் மண் மணல். சுற்றிலும் ஆறு ஓடினாலும் மேட்டு நிலத்தில் நீர் நிற்காது. ரோஜாவும் வெளிநாட்டுச் செடிகளும் அந்த மணலில் ஒரு கோடையைத் தாண்டா. ஆகவே 1820களில் ஆற்றங்கரையில் ஒரு நீராவி இயந்திரம் நிறுவப்பட்டது. அது ஹாஃபல் நீரை மேட்டுக்கு ஏற்றியது. அங்கிருந்து நீர் குழாய்களின் வழியே தோட்டமெங்கும் பாய்ந்தது. பிரஷ்யாவில் நீராவி இயந்திரம் புதுமையாக இருந்த காலம் அது. மரக்கூட்டங்களுக்கும் வளைந்த பாதைகளுக்கும் பின்னால் நிலக்கரி எரித்து உழைத்த ஓர் இயந்திரம் இருந்தது; தோட்டம் இயற்கையாகத் தோன்றியது அதன் தயவால்.

4. திணை மயக்கம்

பசுமை நிலைபெற்ற பிறகு உயிர்கள் வந்தன. 1820களில் தீவு விலங்குகளால் நிரம்பத் தொடங்கியது. கரடி, கங்காரு, குரங்கு, லாமா, சிங்கம், பலவகைப் பறவைகள் என நூற்றுக்கணக்கான உயிர்கள். லென்னேயின் பாதைகளை ஒட்டியே அவற்றுக்குக் குடில்களும் கூண்டுகளும் அமைந்தன. வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் பொதுமக்களுக்கும் அனுமதி உண்டு. பெர்லின்வாசிகள் ஆயிரக்கணக்கில் வந்து பார்த்தார்கள்.

1830இல் பாரிசிலிருந்து ஃபுல்ஷிரோன் என்பவரின் பனைச் சேகரிப்பு முழுவதையும் அரசர் வாங்கினார். ஷிங்கெலின் திட்டப்படி ஆல்பர்ட் ஷாடோ அதற்கு ஒரு கண்ணாடி மாளிகையைக் கட்டினார். அதனுள்ளே இந்தியாவிலிருந்து வந்த ஒரு பளிங்குக் கோயில் மண்டபத்தின் பகுதிகளும் நிறுத்தப்பட்டன. கார்ல் பிளெஹன் வரைந்த அதன் உட்புற ஓவியம் புகழ்பெற்றது. 1834ஆம் ஆண்டைச் சேர்ந்த ஒன்று சிகாகோ கலைக்கூடத்தில் உள்ளது. பனையோலைகளினூடே வழியும் ஒளி, செதுக்கு வேலைப்பாடுள்ள பளிங்கு, தரையில் கீழ்த்திசை உடையில் சாய்ந்திருக்கும் பெண்கள். அந்தப் பெண்கள் அங்கே வாழ்ந்தவர்கள் அல்லர், ஓவியரின் கற்பனை. பளிங்கு மட்டும் உண்மையில் இந்தியாவினுடையது. அதை எந்தக் கோயிலிலிருந்து, யார் பெயர்த்தார்கள் என்று ஓவியம் கேட்பதில்லை. கேட்பது அதன் வேலையும் அன்று.

தமிழிலக்கியம் பயின்றவர்க்கு இவ்விடத்தில் ஒரு சொல் நினைவுக்கு வராமல் போகாது. நிலமும் பொழுதும் முதற்பொருள். விலங்கு, மரம், பறவை, உணவு, தொழில் முதலியன கருப்பொருள். அவற்றினூடே நிகழும் மனித உணர்வு உரிப்பொருள். ஒரு நிலத்தின் கருப்பொருள் இன்னொரு நிலத்தில் வந்து கலக்கலாம் என்று நம் இலக்கணம் அனுமதிக்கிறது. அதைத் திணை மயக்கம் என்கிறோம். ஆனால் உரிப்பொருள் மயங்குவதற்கு அனுமதி இல்லை. பிரிவின் துயரைப் புணர்ச்சியின் இன்பமாக மாற்றிக் காட்ட எந்தக் கவிஞருக்கும் உரிமை இல்லை.

இந்த அளவுகோலை ஒரு ஜெர்மன் தோட்டத்தின் மீது வைப்பது பொருத்தமா என்று சிலர் கேட்கலாம். இதை நாம் தீர்ப்புக்காகப் பயன்படுத்தவில்லை. பிரித்துப் பார்க்கும் கருவியாகக் கொள்கிறோம். மயில் தீவு கருப்பொருள்களின் பெரும் மயக்கம். மணல் திட்டில் பனை. ஓக் மரத்தடியில் கங்காரு. பனிக்காலத்தில் குறிஞ்சியின் மயில். இதுவரை அது ஒரு விளையாட்டு. ஓரளவு அழகான விளையாட்டும்கூட. மனிதரையும் கருப்பொருளாக்கியபோது விளையாட்டின் தன்மை மாறிவிடுகிறது.

5. இயந்திரக் கூடத்தில் ஒருவர்

தீவில் வாழ்ந்த மனிதர்களின் பட்டியல் வினோதமானது. குள்ள உருவினரான ஸ்ட்ராக்கோன் உடன்பிறப்புகள், கிறிஸ்டியானும் மரியாவும், மிக உயரமானவராகிய ஒருவர், ஆப்பிரிக்கரான இட்டிஸ்ஸா. மரியாவை 'மாளிகைச் சீமாட்டி' என்று அழைத்தார்கள். விலங்குகளைப் பார்க்க வந்த கூட்டம் இவர்களையும் பார்த்தது. தங்கள் உருவத்தாலோ நிறத்தாலோ அரிதானவர்கள் என்பதே அவர்கள் அங்கே இருந்ததற்கான காரணம். 2014இல் தோமாஸ் ஹெட்ஷே எழுதிய 'மயில் தீவு' என்ற ஜெர்மன் நாவல் மரியாவை மையமாகக் கொண்டது. அவ்வாண்டின் ஜெர்மன் நூல் பரிசுக்கான இறுதிப் பட்டியலில் அது இடம்பெற்றது. தோட்ட வரலாறு ஒரு வரியில் கடந்த பெண்ணைப் புனைவு முழு மனுஷியாக எழுப்பிய நிகழ்வு அது.

நம் கருத்துக்கு மையமானவர் வேறொருவர்: ஹாரி மைட்டே. ஹவாய்த் தீவினர். முதன்முதலாக உலகைச் சுற்றி வந்த பிரஷ்யக் கப்பலான 'மென்டர்' 1824இல் அவரை ஐரோப்பாவுக்கு அழைத்து வந்தது. அப்போது அவர் பதின்ம வயதுச் சிறுவர். தானாகவே வர விரும்பினார் என்பது கப்பல்காரர்களின் கூற்று. பெர்லினில் அவர் அரசரின் பாதுகாப்பில் வைக்கப்பட்டார். பள்ளியில் ஜெர்மனும் கிறித்தவமும் கற்றார். மொழியறிஞர் வில்ஹெல்ம் ஃபான் ஹும்போல்ட் அவரோடு அமர்ந்து ஹவாய் மொழிச் சொற்களைத் திரட்டினார். ஜாவாவின் காவி மொழி பற்றி ஹும்போல்ட் எழுதி அவர் மறைவுக்குப்பின் வெளிவந்த பெருநூலை மொழியியல் மாணவர்கள் அறிவார்கள். தென்கடல் மொழிகள் பற்றிய அவருடைய ஆய்வுக்கு உதவிய ஒரு குரல் மைட்டேயினுடையது. ஒரு மொழியைத் தன் நாவில் சுமந்து வந்து, அதைப் பேச வேறொருவரும் இல்லாத ஊரில், கேட்பவர்க்குச் சொல் சொல்லாக எடுத்துக் கொடுத்தவர் அவர்.

1830இல் ஞானஸ்நானம் பெற்றதை ஒட்டி அவர் மயில் தீவுக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலைதான் வியப்புக்குரியது. நீராவி இயந்திரத்தைக் கவனித்த ஃபிரீட்ரிஷ் என்ற இயந்திரத் தலைவருக்கு அவர் உதவியாளரானார். தச்சு, செதுக்கு வேலைகளிலும் கைதேர்ந்தார்.

இவ்விடத்தில் சற்று நிற்போம். தீவின் ஒரு முனையில், கோபுர அறையில், ஆளற்ற ஒரு தென்கடல் குடிசை வரையப்பட்டிருக்கிறது. அங்கிருந்து சில நிமிட நடைத் தூரத்தில், உண்மையான ஒரு தென்கடல் மனிதர் இயந்திரக் கூடத்தில் பணி செய்கிறார். அந்த இயந்திரம் ஏற்றும் நீரில்தான் ரோஜா மலர்கிறது; புல்வெளி பசுமை காக்கிறது; வந்தவர்கள் இயற்கையின் எழிலை வியக்கிறார்கள். ஐரோப்பியக் கனவில் தென்கடல் மனிதர் உழைப்பறியாதவர். கிளையிலிருந்து கனி பறித்து உண்பவர். நனவில் அவர் அந்தக் கனவுக்குத் தண்ணீர் இறைக்கும் கூட்டத்தில் ஒருவர். மயில் தீவு பற்றி நாம் படித்தவற்றுள் இதைவிடக் கூர்மையான முரண் வேறில்லை. எந்த நாவலாசிரியரும் இதைக் கற்பனை செய்ய வேண்டியிருக்கவில்லை, ஆவணங்களே சொல்கின்றன.

மைட்டே 1833இல் ஒரு ஜெர்மானியப் பெண்ணை மணந்தார், குடும்பம் நடத்தினார், 1872இல் இறந்தார். தீவுக்கு எதிர்க்கரையில் நிக்கோல்ஸ்கோயே குன்றின் மேல், ரஷ்யப் பாணிக் குவிமாடம் கொண்ட தேவாலயம் ஒன்று உண்டு. மூன்றாம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்ம் காலத்தில், 1834 முதல் 1837 வரை கட்டப்பட்ட அதுவும் தீவிலிருந்து தெரிய வேண்டிய ஒரு காட்சிப் பொருளே. அதனருகில் உள்ள இடுகாட்டில் மைட்டேயின் கல்லறை இருக்கிறது. ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் பிரஷ்யாவில் வாழ்ந்த பின்னும் கல் அவரைச் சாண்ட்விச் தீவினர் என்றே குறிக்கிறது. ஹவாய்க்கு அன்று ஐரோப்பியர் இட்ட பெயர் அது. அவருடைய உள்ளத்தில் என்ன இருந்தது, கடலை நினைத்தாரா, தம் மொழியைத் தனிமையில் பேசிப் பார்த்தாரா என்பதற்குத் தோட்டத்தில் எந்தக் குறிப்பும் இல்லை. கருப்பொருளாக அவரை வைத்துக்கொண்ட தோட்டத்தில் அவருடைய உரிப்பொருளுக்கு இடமில்லை.

6. பின் நடந்தவை

1840இல் ஆட்சிக்கு வந்த நான்காம் ஃபிரீட்ரிஷ் வில்ஹெல்முக்கு வேறு தோட்டங்களில் நாட்டம். 1842இல் தீவின் விலங்குகளைப் பெர்லினுக்கு அளித்தார். அவற்றைக் கொண்டு 1844இல் திறக்கப்பட்டதே ஜெர்மனியின் முதல் விலங்கியல் பூங்கா. 1880 மே மாதத்தில் பனை மாளிகை தீப்பற்றி எரிந்தது. அது மீண்டும் எழவில்லை. இன்று அந்த இடத்தில் வெட்டவெளியே உள்ளது. 1924இல் தீவு இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாயிற்று. 1936 ஆகஸ்டில் ஒலிம்பிக் போட்டிகளை ஒட்டி நாஜி அமைச்சர் கோயபல்ஸ் இங்கே ஒரு பெருவிருந்து நடத்தினார். வந்த அந்நிய விருந்தினருக்கு ஆட்சியின் முகத்தை மறைக்கும் திரையாகத் தோட்டம் பயன்பட்டது. மறைப்பதில் பயிற்சி பெற்ற நிலம் அல்லவா!

1961க்குப் பின் பெர்லின் சுவர் எழுந்தபோது தீவு மேற்கிலும், அதைப் பார்ப்பதற்கென்றே அமைந்த புதிய தோட்டமும் பளிங்கு மாளிகையும் கிழக்கிலும் நின்றன. லென்னேயின் பார்வைக்கோடுகளை எல்லைக் காவல் வெட்டியது. 1989க்குப் பின்னரே கரைகள் மறுபடியும் ஒன்றையொன்று தடையின்றிப் பார்த்துக்கொண்டன. இத்தனைக்கும் நடுவே அந்த மர மாளிகை பெரும்பாலும் தன் பழைய தளவாடங்களோடு தப்பிப் பிழைத்தது. இரண்டு உலகப் போர்களில் எத்தனையோ கல் மாளிகைகள் மண்ணானபோது, கல்லாக நடித்த மரம் நின்றுவிட்டது.

7. எப்படி வாசிப்பது?

இத்தகைய இடங்களைப் பற்றி எழுதுவோர் இரண்டு அணியாகப் பிரிந்து நிற்பதைக் காண்கிறோம். ஓர் அணிக்குத் தோட்டம் அழகு மட்டுமே. லென்னேயின் வளைவுகள், ஷிங்கெலின் முகப்பு, ரோஜா, மயில் என்று அவர்கள் நின்றுவிடுவார்கள். வரலாற்றைக் கிளறுவது இரசனைக் குறைவு என்பது அவர்கள் வாதம். மற்றோர் அணிக்கு அழகு என்பதே ஏமாற்று. கொள்ளைப் பொருளைப் பூவால் மூடியிருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதல் அணியிடம் நாம் சொல்ல விரும்புவது: இத்தோட்டத்தின் வடிவமைப்பைப் புரிந்துகொள்ளவே மைட்டேயின் கதை தேவை. நீர் எங்கிருந்து வந்தது என்று அறியாமல் லென்னேயின் புல்வெளியை விளக்க முடியாது. யார் கை வைத்தார்கள் என்று கேட்பது இரசனைக்கு வெளியே உள்ள கேள்வியன்று. இரண்டாம் அணியிடம் சொல்ல விரும்புவது: அழகை மறுத்துவிட்டால் அந்த மனிதரின் உழைப்பையும் சேர்த்தே மறுத்துவிடுகிறோம். அந்தப் பசுமையில் அவருக்கும் பங்குண்டு. தோட்டம் அரசருடையது மட்டும் என்று நாமும் ஒப்புக்கொண்டால், அரசர் விரும்பியபடியே அதை வாசித்தவர்களாவோம்.

அங்கே செல்லும் வாய்ப்புள்ள நண்பர்களுக்கு ஒரு பரிந்துரை. சில நிமிடப் படகுப் பயணத்தில் தீவை அடையலாம். இறங்கியதும் எல்லோரையும் போல வெள்ளை மாளிகையை நோக்கி நடக்க வேண்டாம். முதலில் ஆற்றங்கரை இயந்திரக் கூடத்தைப் பாருங்கள். பிறகு நீர் சென்ற வழியே ரோஜாத் தோட்டத்துக்கும் புல்வெளிக்கும் போங்கள். பனை மாளிகை இருந்த வெறுமையில் சற்று நில்லுங்கள். ஓக் மரங்களை நிதானமாகப் பாருங்கள். எவரும் வரையாத, எங்கிருந்தும் கொண்டுவராத பொருள்கள் அவை. மாளிகையைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். திரும்பியதும் கரையேறி நிக்கோல்ஸ்கோயே இடுகாட்டுக்கும் போய் வாருங்கள். லென்னே வகுத்த பாதை அவ்வளவு தூரம் போவதில்லை. அதற்குரிய பாதையை வாசகர்தாம் வகுத்துக்கொள்ள வேண்டும்.